பதிவில் சேராத குரல்

என் கணவருடைய குரலை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தோம். இப்படிச் சொன்னதும் கேட்பவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும், ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று. ஆராய்ச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்பெட்டியை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுப்பதற்குள் அந்தப் பேச்சை எங்கேயாவது பத்திரப்படுத்த வேண்டும். நான் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள். தையல்காரியாக இருந்திருந்தால் துணியில் ஏதாவது செய்திருப்பேன்.

அவருக்குக் குரல்தான் தொழில். திருநெல்வேலியில் ஒரு வாழைத்தார் கமிஷன் மண்டியில் ஏலம் கூறுகிறவர். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்தும் சேரன்மகாதேவி பக்கத்திலிருந்தும் விடியற்காலையில் லாரியில் தார் வந்து இறங்கும். அவர் ஒவ்வொரு தாராகத் தட்டிக்கொண்டு நடப்பார். வியாபாரிகள் பின்னாலேயே நடப்பார்கள். "என்ன அண்ணாச்சி யோசிக்கிய? தாரும் முத்திட்டு, நீங்களும் முத்திட்டிய. ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போங்க" என்று ஒரு போடு போடுவார். கூட்டம் சிரிக்கும், சிரிக்கிற நேரத்தில் விலை ஏறிவிடும். வீட்டிலும் அதே குரல்தான். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி தெருவுக்கே தெரியும், அவருடைய பாதி.

டாக்டர் அறையில் அன்றைக்கு அந்தக் குரல் ஏற்கெனவே கம்மிப்போயிருந்தது. அறுவைக்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை இருக்கும், அது வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது, எழுதிக் காட்டலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றையும் காட்டினார். ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காதபோது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். என் கணவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம், எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, "ஏளா, நான் எழுதிக் காட்டுற ஆளா?" என்று கேட்டார். இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. எனக்கு அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. மருந்துக்கடை வரிசையில் போய் நின்றேன்.

பேச முடியாதவர்கள் டைப் செய்தால் கம்ப்யூட்டர் பேசும்; அது ஒன்றும் புதிது இல்லை. ஒருவருடைய சொந்தக் குரலை முன்கூட்டிப் பதிந்து வைத்துக்கொண்டால் அந்தக் குரலிலேயே பேசவைக்கவும் முடியும். ஆனால் தமிழில், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில், கடையில் வாங்குகிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. நானே செய்வதென்று உட்கார்ந்தேன். ஒருத்தியால் முடியாது என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. என் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன். அவள் குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். "அண்ணாச்சி சத்தம் இல்லாம உங்க வீட்டுக்கு எப்படிப் பிள்ள வர?" என்று கேட்டாள். அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டாள்.

இரண்டு ஊரில் இருந்து இரண்டு பேர் ஒரே புரோகிராமை எழுதினால், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கென்று வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருள்கள் இருக்கின்றன. உலகம் முழுக்கப் புழங்குகிற முறையில் எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரில் போய் உட்காரும். அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். "என் தொண்டைய முன்னபின்ன தெரியாதவன் வீட்டுல கொண்டு வைக்காத" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அவர் குரல், அவர் இஷ்டம். அதனால் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதில் எல்லாமே ஒரே ஒரு ஃபைல். புரோகிராம், அதன் பழைய வடிவங்கள் அத்தனையும், குறை எழுதிப் போடும் டிக்கெட்டுகள், குறிப்புப் பக்கங்கள், பேசிக்கொள்ள அரட்டைப் பெட்டி, எல்லாம் அந்த ஒன்றுக்குள். என் வீட்டில் ஒரு முழு நகல், அவள் வீட்டில் ஒரு முழு நகல். நெட் இருக்கும்போது இரண்டும் தாங்களே பேசிச் சமன் செய்துகொள்ளும். எது அசல் எது நகல் என்ற கேள்வியே கிடையாது; ஒன்று போனால் மற்றது அப்படியே இருக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்ததே அதுதான். வேலை செய்கிற இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

குரல் ஃபைல்கள் மட்டும் வேறு. அவை மிகப் பெரியவை. அப்படிப்பட்டவற்றுக்காக அந்த மென்பொருளில் ஓர் ஏற்பாடு உண்டு. வரலாறு எதுவும் வைக்காமல் அவற்றைச் சும்மா உள்ளே போட்டு வைக்கலாம். பதிவில் சேராத ஃபைல்கள் என்று பொருள்படும் ஒரு பெயர் அவற்றுக்கு. அதே பெரிய ஃபைலுக்குள்தான் இருக்கும். ஆனால் நகல்கள் சமன் ஆகும்போது தானாக மற்ற வீட்டுக்குப் போகாது. போகச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. தோழியின் ஊரில் நெட் என்பது மொட்டை மாடிக்குப் போய் போனைத் தூக்கிப் பிடித்தால் வருவது. அவள் பங்கு வேலைக்கு அவர் குரல் தேவையும் இல்லை: டைப் செய்த எழுத்தை எங்கள் ஊர் ஓசையாக மாற்றுவது அவள் வேலை, அந்த ஓசைக்கு அவருடைய குரலைப் பூட்டுவது என் வேலை. "அசனத்துக்கு வரும்போது பென் டிரைவுல ஏத்திக்கிடுதேன்" என்றாள். அசனம் என்பது எங்கள் கிறிஸ்தவ சபையில் ஊரே ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அவள் கத்தோலிக்கம், மாதா கோயில்காரி, ஆனாலும் எங்கள் அசனத்துக் கறிக்குழம்பை ஒரு வருஷமும் விட்டதில்லை. அந்த வருஷம் அசனம் தை மாசத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

பின்னறை ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மெத்தையைச் சுவரில் சாய்த்துப் பதிவு செய்தோம். வாசிக்க வேண்டிய வாக்கியங்களை நான் எழுதி வைத்திருந்தேன். எல்லா ஓசையும் வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியவை. முதல் வாக்கியத்தைப் பார்த்ததுமே காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். "‘நான் நாளை சந்தைக்குச் செல்கிறேன்.’ இத எவன் பேசுவான்? நான் எப்பம்ளா ‘செல்கிறேன்’னு சொல்லிருக்கேன்?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் இஷ்டத்துக்குப் பேசவிட்டேன். ஏலம் கூறினார். மண்டி முதலாளி தும்முவதைச் செய்து காட்டினார். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை அவர் எப்போதும் சொல்கிற வேகத்தில், சோறு ஆறிவிடக்கூடாது என்கிற வேகத்தில், சொன்னார். என்னோடு போட்ட பழைய சண்டை ஒன்றை இரண்டு பக்கத்தையும் தானே பேசி முடித்தார். என் பக்கத்துக்கு வேண்டுமென்றே ஒரு கீச்சுக் குரல். ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்புப் பக்கத்தில் நான் ஒரு வரி எழுதி வைத்தேன். ‘ஏலம், கதலித் தார். நன்றாக வந்திருக்கிறது. கடைசியில் இருமல்.’ நாளாக ஆக இருமல் என்ற சொல்லை அடிக்கடி எழுத வேண்டியிருந்தது.

ஒரு நாள் பதிந்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டு முடித்ததும் சொன்னார்: "இது முழுசாச் சரியாகுற வரைக்கும் ஒருத்தர் காதுக்கும் போகப்புடாது. அவ ஊருக்கும் போகப்புடாது. நல்லா இருந்தப்பம் ஊரே கேட்ட தொண்ட. இப்பம் இதையா கேக்கணும்?" சரி என்றேன். ஏற்கெனவே போகவில்லை, இனியும் போகாது. அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஒரு டிஸ்கில் மட்டும் இன்னொரு பிரதி எடுத்து, கம்ப்யூட்டர் இருந்த அதே மேசையின் இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

அறுவைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் சொந்தக் குரலில் கடைசியாகச் சொன்னது, "செருப்ப எடுத்து வச்சுக்கோ" என்பது. ஆஸ்பத்திரியில் செருப்பு காணாமல் போய்விடும் என்று அவருக்குப் பயம். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் கொஞ்ச நாள் அவர் யாரையும் பார்க்கவில்லை. போனில் டைப் செய்யச் சொன்னால் போனைக் கவிழ்த்து வைப்பார். பிறகு நான் பாதி முடித்த புரோகிராமைக் காட்டி, இதில் குறை இருந்தால் இங்கே டிக்கெட் போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். குறை சொல்வது என்றால் அவருக்குப் போதும். மறுநாளே ஆரம்பித்துவிட்டார். ‘ஏளா-னு கூப்பிட்டா கெஞ்சுத மாதிரி இருக்கு. நான் எப்பம் கெஞ்சுனேன்?’ ‘சிரிப்பு இல்ல. நான் சிரிச்சுக்கிட்டேதான ஏலம் கூறுவேன்.’ ‘இது என் குரல் மாதிரி இல்ல. எவனோ ஜலதோசக்காரன் மாதிரி இருக்கு.’ இந்த மூன்றாவதை அவர் அடிக்கடி போட்டார். கொஞ்ச நாளில் புரோகிராமுக்குச் சம்பந்தம் இல்லாதவையும் வர ஆரம்பித்தன. ‘சாம்பார்ல உப்பு கூடிட்டு. அவசரம்: மிக அதிகம்.’ நான் அதை, ‘உப்பு சரியாகத்தான் இருக்கிறது, நாக்கில் கோளாறு’ என்று எழுதி மூடினேன். அவர் திரும்பத் திறந்தார். அதைக் கடற்கரை ஊரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தோழி, ‘அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று கீழே எழுதினாள். எங்கள் குடும்பப் பேச்சு முழுக்க அந்த ஃபைலுக்குள் போய்விட்டது. சண்டையும் அதற்குள்தான் நடந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். பின்னறையில் இருந்து, "ஏளா, காப்பி ஆறுது" என்று சத்தம் வந்தது. "வாரேன் வாரேன், ஏன் இப்படிக் கத்துதிய?" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கையில் கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். காலையில் நான் செய்துவைத்த மாற்றம் வேலை செய்திருக்கிறது. கெஞ்சாத ‘ஏளா’. தெருவுக்குக் கேட்கிற ‘ஏளா’. அவர் அதையே திரும்பத் திரும்பத் தட்டினார், நான் திரும்பத் திரும்ப "வாரேன்" என்றேன். அன்றைக்கு நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போது கோபம்தான் வருகிறது. அன்றைக்கு அவர் போட்ட டிக்கெட்: ‘கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் மண்டிக்குக் கொண்டு போகணும். ஒரு ஏலம் நான்தான் கூறணும்.’

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மழை பிடித்தது. எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றை ஒட்டிய தெருவில். தாமிரபரணியில் வருஷா வருஷம் தண்ணீர் வரும், படித்துறை முங்கும், போய் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு நிமிஷம் விடாமல் பெய்தது. அணையில் தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெருவே உள்ளே இருந்தது. திங்கட்கிழமை காலையில் கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீருக்குள் வைத்தேன்.

அவருக்குக் கழுத்துத் துளைதான் மூச்சு. மற்றவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர் என்றால் இடுப்பளவு. அவர் கால் வழுக்கி ஒரு முறை விழுந்தால், ஒரு அலை கழுத்துக்கு ஏறினால், முடிந்தது. எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. மாத்திரைகள், சளி உறிஞ்சும் மெஷின், ஆதார் அட்டைகள், அவருடைய போன், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி என் தோளில் மாட்டிக்கொண்டேன். தெருக்காரர்கள் லாரி டியூபில் பலகை கட்டி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அவரைக் கையைப் பிடித்து இழுத்தால் அவர் வரவில்லை. பின்னறை மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி பாதி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கைகாட்டினார்.

"அதெல்லாம் அவ வீட்டுல அப்படியே இருக்கு. வாங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். இல்லை என்று. மேசையை ஓங்கி அறைந்தார். குனிந்து பெட்டியைப் பிடிக்கப் போனார். குனிந்தால் கழுத்து தண்ணீரில் படும் என்று நான் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினேன். "அவகிட்ட இருக்குனு சொல்லுதேம்லா! முழு நகல் இருக்கு!" என்று கத்தினேன். வாசலில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற தெருக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, தண்ணி ஏறுது. முரண்டு பிடிக்கதுக்கு இதா நேரம்?" என்றார். என் கணவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். வாய் நன்றாக அசைந்தது. கழுத்தில் இருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. எனக்கு உதடு பார்த்துப் படிக்க வராது. அவருடைய போன் என் தோளில் மூன்று முடிச்சுக்குள் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் பலகையில் உட்கார வைத்தார்கள்.

அந்த வீட்டில் அந்த நேரத்தில் சரியான ஞாபகத்தோடு இருந்தது அவர் ஒருவர்தான். அவரால்தான் சொல்ல முடியவில்லை.

எங்களைக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சேர்த்தார்கள். ஈரத்துணியோடு நூறு குடும்பம். நான் பையை அவிழ்த்ததும் முதலில் போனைப் பிடுங்கினார். டைப் செய்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘குரலு அவகிட்ட இல்ல.’ நான் அதைப் படித்துவிட்டு, சரி, மழை நிற்கட்டும், பார்க்கலாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரோ உப்புமா கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கிச் சாப்பிட்டோம்.

டவர் திரும்ப வந்ததும் தோழி கூப்பிட்டாள். அவள் ஊர் மேட்டு மணல்; மழைத்தண்ணீரை அப்படியே குடித்துவிட்டது. "ஏ பிள்ள, நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கியளா? கம்ப்யூட்டர் போனா போட்டும். எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் குரல் தன்னிடம் வரவே இல்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஆறுதல் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குப் போனோம். முழங்கால் அளவுக்குச் சேறு. பெட்டியைக் கழற்றினால் உள்ளே வண்டல் பிடித்து இறுகியிருந்தது. இழுப்பறை மேசையோடு உப்பிப் போயிருந்தது. உடைத்துத்தான் டிஸ்கை எடுத்தோம். பாளையங்கோட்டையில் இதையெல்லாம் மீட்டுத்தருகிற ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் கடை முழுக்க அந்த வாரம் சேறு பிடித்த டிஸ்குகள்தான், யார் யாருடைய கல்யாணப் படங்களோ, கடைக் கணக்குகளோ. அவர் எங்களுடையதை முடிந்தவரை பார்த்தார். பிறகு சென்னைக்கும் அனுப்பினோம். அங்கிருந்தும் அப்படியே திரும்பி வந்தது.

தோழி தன் நகலைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். திறந்து பார்த்தோம். அவள் சொன்னது சரிதான், எல்லாம் இருந்தது. நான் எழுதிய ஒவ்வொரு வரியும், எழுதி அழித்ததும், எந்த நாள் எந்த மாற்றம் என்பதும் இருந்தது. அவருடைய உப்பு டிக்கெட் இருந்தது. ‘நன்றாக வந்திருக்கிறது, கடைசியில் இருமல்’ என்று நான் எழுதிய குறிப்புகள் பக்கம் பக்கமாக இருந்தன. எந்தப் பதிவில் அவர் சிரித்தார், எதில் ஜெபம், எதில் என்னைக் கேலி செய்தார் என்று எல்லாம் எழுதியிருந்தது. அந்தக் குரலைப் பற்றி உலகத்தில் தெரியவேண்டியது அத்தனையும் எங்களிடம் இருக்கிறது. குரல் இல்லை. இரண்டு பொம்பளைகள் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்கு அந்தத் திரையை உடைக்க வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு தேடாத இடம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள் தன் போனைத் துழாவினாள். அவருக்கு வாய்ஸ் மெசேஜ் என்றாலே ஆகாது: "பேசணும்னா நேராப் பேசணும், பேசி அனுப்புறது என்ன பழக்கம்?" என்பார். தப்பித்தவறி ஒன்று இருந்தது. "சரி மக்கா, வைக்கேன்." அவ்வளவுதான். எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். கோவிலில் போதகர் முன்னால் அவர் கல்யாண உடன்படிக்கை சொல்கிறார், உதடு அசைகிறது. வீடியோக்காரர் அந்த இடத்தில் பின்னணிக்கு ஒரு பாட்டைப் போட்டு அமுக்கியிருக்கிறார். முழு வீடியோவும் பாட்டுதான். மண்டியில் யாரோ போனில் எடுத்த ஏலம் ஒன்று கிடைத்தது. கூட்டத்தின் சத்தம், லாரி ஹாரன், நடுவில் அவர். தோழி சத்தத்தை எல்லாம் வடித்து எடுத்துப் பார்த்தாள். கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி வந்தது.

இந்தக் காலத்தில் துணுக்குக் குரல் இருந்தாலே போதும், முழுக்குரலும் செய்துவிடலாம் என்று ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள். அதையும் செய்தோம். இருந்த துணுக்குகளைச் சேர்த்துக் கொடுத்ததும் ஏதோ ஒரு குரல் வந்தது. மெட்ராஸ்காரன் ஒருவன் அவர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் அதை நீக்கிவிட்டேன்.

இப்போது புதுக் கம்ப்யூட்டரிலும் அவர் போனிலும் அந்தப் புரோகிராம் ஓடுகிறது. தோழி செய்த பகுதி அருமையாக வேலை செய்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சை அச்சு அசலாகப் பேசுகிறது. ஆனால் இலவசமாகக் கிடைத்த ஒரு பொதுக்குரலில். பேச்சு இவருடையது, தொண்டை யாருடையதோ. அவர் அந்தக் குரலை ‘இவன்’ என்றுதான் எழுதுவார். ‘இவன் ரொம்ப மெதுவாப் பேசுதான்’, ‘இவனுக்குக் கோவமே வராது போல.’ பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவனைக் கூட்டிக்கொண்டு போகிறார். மண்டிக்குப் போகவில்லை. அங்கே வேறொருவர் ஏலம் கூறுகிறார். விடியற்காலையில் லாரி போகிற சத்தம் கேட்டால் அவர் விழித்துக்கொள்வது எனக்குத் தெரியும். நானும் விழித்துக்கொண்டு தூங்குகிற மாதிரிக் கிடப்பேன்.

தோழி பழைய டிக்கெட்டுகளை ஒழுங்கு செய்யும்போது, ‘இது என் குரல் மாதிரி இல்ல’ என்பதை என்ன செய்ய என்று கேட்டாள். அப்படியே கிடக்கட்டும் என்றேன். வீட்டில் இப்போது டிக்கெட் வருவது குறைந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கூடினாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். அவர் என்னைக் குறை சொன்னதே இல்லை, அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதும் இல்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று போதகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்படி ஒன்றும் ஆறவில்லை.

போன வாரம் எனக்கு ஒரு பயம் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைக் காதுக்குள் கேட்டுப் பார்க்கலாம் என்று முயன்றால் வரவில்லை. சொற்கள் வருகின்றன, அவர் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை. இத்தனை வருஷம் காது கிழியக் கேட்ட சத்தம். மடித்த துணியைப் போட்டுவிட்டு அவரிடம் போனேன். அவர் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் இல்லாவிட்டாலும் அவரிடமாவது இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. உலகத்தில் ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

"ஏங்க, உங்களுக்கு உள்ளுக்குள்ள நினைக்கும்போது உங்க சத்தம் கேக்கும்லா?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். போனை எடுத்து டைப் செய்தார், அழித்தார், திரும்ப டைப் செய்தார். என் முகத்தைப் பார்க்காமல் பட்டனை அமுக்கினார். அந்தக் குரல் நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் வாசித்தது:

"கொஞ்ச நாளு கேட்டுது ஏளா. இப்பம் உள்ளுக்குள்ளயும் இவந்தான் பேசுதான்."